ஓடு ஒட்டாத அவித்த முட்டை: பிரஷர் குக்கருக்கான முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டு முட்டைக் குழம்பில் முட்டை மறைந்து கிடப்பதில்லை. கறுத்துச் சிவந்த மசாலாவுக்கு நடுவே அது வெள்ளை வெளேரென்று முழுதாகத் தெரிய வேண்டும். கீறிவிட்ட இடங்களில் மட்டும் மசாலா இறங்கியிருக்க வேண்டும். வெள்ளைக்கரு பாதி ஓட்டோடு போய், மஞ்சள் கரு எட்டிப் பார்க்கும் முட்டையை விருந்தாளியின் இலையில் வைக்க எந்த ஆச்சிக்கும் மனம் வராது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் ஆள் கூடும் நாளில் இருபது முட்டை, முப்பது முட்டை என்று அவிக்க வேண்டிவரும். அன்றைக்குப் பார்த்து ஓடு ஒட்டிக்கொண்டால் உரிக்க உட்கார்ந்தவருக்கு நேரமும் போகும், பொறுமையும் போகும்.

இதற்கு உரிக்கிற கையைக் குறை சொல்லிப் பயனில்லை. முட்டை வழுக்கிக்கொண்டு உரியுமா, பிய்ந்து வருமா என்பது அதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. முட்டை இட்டு எத்தனை நாள் ஆயிற்று என்பது ஒன்று. அடுப்பில் ஏறியதும் எவ்வளவு வேகமாகச் சூடு பட்டது என்பது மற்றொன்று. முதலாவது நாம் வாங்கி வைக்கும் விதத்தைப் பொறுத்தது. இரண்டாவதற்கு நம் அடுக்களையில் பிரஷர் குக்கரைவிட நல்ல துணை கிடையாது.

ஓடு ஏன் ஒட்டுகிறது

ஓட்டுக்கும் வெள்ளைக்கருவுக்கும் இடையே இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. முட்டையின் அகன்ற முனையில் மட்டும் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகி, நடுவில் ஒரு காற்றறையை உண்டாக்குகின்றன. ஓடு கண்ணுக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. புதிதாக இட்ட முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும். நாள் ஆக ஆக அந்த வாயு துளைகள் வழியே கசிந்து வெளியேறும்; ஈரமும் கொஞ்சம் போகும், காற்றறை பெரிதாகும். தொடக்கத்தில் 8-க்குள் இருந்த வெள்ளைக்கருவின் பி.எச். அளவு 9-ஐத் தாண்டும், அதாவது காரத்தன்மை கூடும்.

இந்தக் காரத்தன்மைதான் நமக்கு வேண்டியது. அது குறைவாக இருக்கும் புது முட்டையில், வேகும்போது வெள்ளைக்கரு உள்சவ்வைப் பற்றிக்கொள்கிறது. கூடிய பிறகு அந்தப் பிடிமானம் தளர்ந்துவிடுகிறது. மற்ற எல்லாப் பண்டத்துக்கும் புதியதே நல்லது. அவிக்கிற முட்டைக்கு மட்டும் சில நாள் பழையதே நல்லது.

அடுத்தது சூடு. பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பை ஏற்றினால் தண்ணீரோடு சேர்ந்து முட்டையும் மெல்ல மெல்லச் சூடாகிறது. அப்படி நிதானமாக இறுகும் வெள்ளைக்கருவின் புரதம், பக்கத்தில் இருக்கும் சவ்வோடு பிணைந்துகொள்ள நிறைய நேரம் கிடைக்கிறது. கொதிக்கும் ஆவி சட்டென்று தாக்கினால், வெள்ளைக்கருவின் வெளிப்பக்கம் சவ்வோடு ஒட்டுவதற்குள் தனக்குள்ளேயே இறுகிவிடுகிறது. ஆகவே இந்த முறையில் நீங்கள் விடக்கூடாத ஒரே விதி: தண்ணீர் கொதித்த பிறகே முட்டை உள்ளே போக வேண்டும்.

எந்த முட்டை

நம் பக்கத்து மளிகைக் கடைகளுக்கு வரும் வெள்ளை முட்டை பெரும்பாலும் நாமக்கல் பண்ணை முட்டை. பண்ணையிலிருந்து லாரி ஏறி, மொத்த வியாபாரி கைமாறி, கடை அட்டையில் வந்து உட்கார்வதற்குள் அதற்குச் சில நாள் ஆகியிருக்கும். வாங்கிவந்து இன்னும் மூன்று நான்கு நாள் வைத்திருந்தால் அவிப்பதற்குச் சரியான பக்குவம். குளிர்பெட்டியில் வைப்பதானால் ஒரு வாரம் விடலாம், குளிரில் வாயு மெதுவாகத்தான் வெளியேறும்.

சிக்கல் நாட்டுக்கோழி முட்டையில்தான் அதிகம். சந்தையில் கூடையோடு உட்கார்ந்திருப்பவர் நேற்று இட்டது, இன்று காலை இட்டது என்று சொல்லித் தருவார். ருசிக்கு அதை அடிக்க முடியாது; ஆனால் அன்றைக்கே அவித்தால் உரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். விருந்துக்கு நாட்டு முட்டைதான் என்று முடிவு செய்தால் நாலைந்து நாள் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். ஓட்டின் நிறம் வெள்ளையா பழுப்பா என்பதற்கும் உரிபடுவதற்கும் சம்பந்தமில்லை.

முட்டையின் வயது தெரியாவிட்டால் ஒரு கிண்ணத் தண்ணீர் சொல்லிவிடும். அடியில் படுத்துக் கிடந்தால் புதியது. குழம்புக்கு உடைத்து ஊற்றவோ ஆம்லெட்டுக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். அகன்ற முனை லேசாக மேலே தூக்கியபடி சாய்ந்திருந்தால் அவிப்பதற்கு அதுவே ஏற்றது. செங்குத்தாக நின்றால் பழையது, சீக்கிரம் தீர்க்க வேண்டியது. மிதந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

முட்டையை வாங்கிவந்தவுடன் கழுவி வைக்க வேண்டாம். ஓட்டின் மேல் இயற்கையாக உள்ள பூச்சு போய்விட்டால் கிருமிகள் துளை வழியே உள்ளே போவது சுலபமாகிவிடும். அவிக்கப் போகும் முன்பு கழுவினால் போதும். கையையும் அப்போதே சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.

குக்கரும் இட்லித் தட்டும்

முட்டையைத் தண்ணீரில் மூழ்க வைக்க வேண்டியதில்லை. ஆவியே போதும், ஆவிதான் நல்லது. தண்ணீரில் போட்டால் கொதியில் உருண்டு ஒன்றோடொன்று மோதி விரியும். ஒழுகிய வெள்ளைக்கரு நுரைத்து மேலே ஏறி வெயிட் துவாரத்தை அடைத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. குக்கரைப் பொறுத்தவரை அது விளையாட்டில்லை.

முட்டையை அசையாமல் ஏந்த நம் வீட்டில் ஏற்கெனவே ஒரு சாதனம் இருக்கிறது, இட்லித் தட்டு. ஒரு குழிக்கு ஒரு முட்டை. குழியில் உள்ள துளைகள் வழியே ஆவி அடியிலிருந்தும் ஏறும். தட்டுகளை அடுக்கும்போது மேல்தட்டின் அடிப்பாகம் கீழே உள்ள முட்டையின் மேல் அழுத்தக்கூடாது. இடைவெளி போதாமல் இருந்தால் நடுத்தட்டைக் கழற்றிவிட்டு இரண்டு தட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இட்லித் தட்டு நுழையாத சிறிய குக்கர் என்றால், அடியில் போடும் துளைத்தட்டின் மேல் முட்டைகளை ஒரே வரிசையாக அடுக்கலாம். தண்ணீர் அந்தத் தட்டுக்குக் கீழேயே நிற்க வேண்டும்.

5 லிட்டர் குக்கருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், ஏறக்குறைய 400 மில்லி, தாராளம். அலுமினியக் குக்கராக இருந்தால் அந்தத் தண்ணீரில் கோலிக்குண்டு அளவு புளி, அல்லது பிழிந்து மீந்த எலுமிச்சை மூடி ஒன்றைப் போட்டுவிடுங்கள், உட்புறம் கறுக்காது. உப்போ ஆப்ப சோடாவோ போட வேண்டாம். முட்டை தண்ணீரைத் தொடாதபோது அவற்றால் ஒரு பயனும் இல்லை.

மூடும் முன் கேஸ்கட் வெடிப்பில்லாமல் இருக்கிறதா, வெயிட் துவாரத்தில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். குக்கரை எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும், சமைப்பது முட்டையானாலும் பருப்பானாலும்.

செய்முறை

1. குளிர்பெட்டி முட்டையை அரை மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து வையுங்கள். சில்லென்ற ஓட்டில் கொதிக்கும் ஆவி பட்டால் விரிசல் விடலாம். கழுவும்போது ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்து, மயிரிழை விரிசல் இருப்பதை ஒதுக்கிவிடுங்கள்.

2. குக்கரில் தண்ணீரை ஊற்றி, மூடாமல் அடுப்பில் வைத்துத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். அதே நேரம் இட்லித் தட்டுகளில் முட்டைகளை அடுக்கித் தயாராக வையுங்கள்.

3. தீயைக் குறைத்து, தட்டுத் தாங்கியை நடுக்கம்பியில் பிடித்து நேராக உள்ளே இறக்குங்கள். ஆவி கையைச் சுடும். துணியோ கையுறையோ அவசியம்.

4. மூடியைப் போட்டுத் தீயைக் கூட்டுங்கள். வெயிட்டைத் தனியே போடும் வகைக் குக்கரில், துவாரத்திலிருந்து ஆவி ஒரே சீராகப் பீய்ச்சும்வரை பொறுத்து அதன் பிறகு வெயிட்டை வையுங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேறினால்தான் ஆவியின் சூடு முழுதாகக் கிடைக்கும்.

5. முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 50 முதல் 55 கிராம் வரை எடையுள்ள பண்ணை முட்டைக்கு 3 நிமிடம். உருவில் சிறிய நாட்டு முட்டைக்கு 2 நிமிடம். வாத்து முட்டைக்கு 5 நிமிடம்.

6. அடுப்பை அணைத்து 5 நிமிடம் அப்படியே விடுங்கள்.

7. பிறகு வெயிட்டைக் கரண்டிக் காம்பால் லேசாகத் தூக்கி, மிச்சமிருக்கும் ஆவியை முழுவதும் வெளியேற்றுங்கள். சத்தம் அடங்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். மூடி அசைய மறுத்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று பொருள், பலம் காட்டாதீர்கள்.

8. உடனே முட்டைகளைக் குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றுங்கள்.

ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குக்கருக்குள் வெயிட் தூக்கும் அழுத்தத்தில் சூடு 120 டிகிரி செல்சியஸை நெருங்கியிருக்கும். அணைத்த கையோடு ஆவியைத் திறந்துவிட்டால் வெளியழுத்தம் சட்டென்று விழுகிறது. முட்டைக்குள் இருக்கும் காற்றும் ஈரமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஓட்டை விரித்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் அழுத்தம் தானாக இறங்குவதோடு, மஞ்சள் கருவும் மீதி வேக்காட்டை முடித்துக்கொள்கிறது. அவசரத்தில் குக்கரைக் குழாயடியில் காட்டுவதும் இதே தவறுதான்.

எத்தனை விசில் என்று கேட்பவர்களே அதிகம். விசில் எண்ணிக்கையை நம்ப வேண்டாம் என்பதே என் பதில். பெரிய குக்கர், சிறிய குக்கர், தண்ணீரின் அளவு, தீயின் வேகம், வெயிட்டின் தேய்மானம் என்று எல்லாமே விசிலுக்கும் விசிலுக்கும் உள்ள இடைவெளியை மாற்றிவிடும். ஒரு வீட்டில் இரண்டு விசிலுக்குள் இரண்டு நிமிடம் ஆகும், அடுத்த வீட்டில் ஐந்து நிமிடம் ஆகும். முதல் விசில் அழுத்தம் வந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு. அதோடு அதன் வேலை முடிந்தது, மீதியைக் கடிகாரம் பார்த்துக்கொள்ளும். உங்கள் குக்கரில் முதல் தடவை செய்யும்போது ஒரு முட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் ஈரமாக, அடர் நிறமாக இருந்தால் அடுத்த முறை ஒரு நிமிடம் கூட்டுங்கள். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் ஒரு நிமிடம் குறையுங்கள். ஒருமுறை அளவு பிடிபட்டால் அந்தக் குக்கருக்கு அதுவே நிரந்தரக் கணக்கு.

நான்கு முட்டைக்கும் எட்டு முட்டைக்கும் நேரம் ஒன்றுதான். முட்டை கூடினால் முதல் விசில் வரத் தாமதமாகும், அவ்வளவே. உருளைக்கிழங்கோடு சேர்த்து ஒரே ஈடாகப் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கிழங்கு வேகும் நேரத்துக்கு முட்டை ரப்பராகிவிடும். தயவுசெய்து தனித்தனியாக அவியுங்கள். அரை வேக்காட்டு முட்டைக்கும் இந்த முறை பொருந்தாது. அரை நிமிட வித்தியாசத்தில் பக்குவம் மாறும் ஒன்றை மூடிய பாத்திரத்துக்குள் பிடிக்க முடியாது.

குளிர வைத்தல்

கோடையில் இந்தப் பக்கம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் நண்பகலில் கையை வைக்க முடியாத சூட்டில் வரும். அந்தத் தண்ணீரில் முட்டையைப் போட்டால் அது வெந்துகொண்டேதான் இருக்கும். மண்பானைத் தண்ணீர் இதற்கு மிக ஏற்றது. பானையின் வெளிப்புறத்தில் கசியும் ஈரம் ஆவியாகி உள்ளே இருப்பதைக் குளிர்விப்பதால், குளிர்பெட்டி இல்லாத வீட்டிலும் குளிர்ந்த நீர் எப்போதும் இருக்கும். ஐஸ் கட்டி இருந்தால் அதையும் ஒரு கை அள்ளிப் போடுங்கள்.

வாயகன்ற பாத்திரமாக எடுங்கள். பழைய வீடுகளில் அடுக்கி வைத்திருக்கும் எனாமல் பேசின்கள் இதற்கு வாகாக இருக்கும். முட்டைகள் முழுகும் அளவுக்கு மேலும் நான்கு விரற்கடை தண்ணீர் நிற்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். அதைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றுங்கள். மொத்தம் ஐந்து முதல் பத்து நிமிடம். உள்ளே இருப்பது சற்றுச் சுருங்கி ஓட்டைவிட்டு விலக இந்த நேரம் வேண்டும்.

உரித்தல்

அகன்ற முனையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அங்கே காற்றறை இருக்கிறது. சவ்வு ஏற்கெனவே விலகியிருக்கிறது. அம்மி விளிம்பிலோ மேடையிலோ அந்த முனையை ஒரு தட்டுத் தட்டினால் ஓடு உள்ளே அமுங்கும். பிறகு முட்டையைக் கிடையாக வைத்து உள்ளங்கையால் லேசாக அழுத்தி ஒரு சுற்று உருட்டுங்கள். ஓடு முழுவதும் பொடிப்பொடியாக விரிந்து, ஆனால் உதிராமல், சவ்வின் பிடியிலேயே நிற்கும். இந்த நிலையில் இரண்டு நிமிடம் மறுபடி தண்ணீருக்குள் போட்டு வைப்பது பலன் தரும், விரிசல் வழியே தண்ணீர் புகுந்து சவ்வைத் தளர்த்தும்.

இனிக் கட்டைவிரலுக்கு வேலை. அமுங்கிய இடத்தில் ஓட்டைக் கிள்ளி எடுத்தால் அடியில் மங்கலான வெள்ளைச் சவ்வு தெரியும். அந்தச் சவ்வைக் கிழித்து, அதற்கும் அடியில் விரல் போக வேண்டும். ஓட்டை மட்டும் சில்லுச்சில்லாகப் பெயர்த்துக்கொண்டிருந்தால் நாள் முழுதும் உரிக்கலாம். சவ்வைப் பிடித்துவிட்டால் ஓட்டுச் சில்லுகள் எல்லாம் அதில் தொற்றிக்கொண்டு ஒரே பட்டையாகச் சுழன்று வரும். சரியாக வெந்த முட்டையில் மூன்று நான்கு இழுப்பில் வேலை முடிந்து, கையில் மிஞ்சுவது பளபளவென்று, எங்கும் பள்ளமில்லாத முட்டை. தண்ணீருக்குள் வைத்தே உரித்தால் ஒட்டியிருக்கும் பொடிச் சில்லும் கழுவிக்கொண்டு போய்விடும்.

ஒன்றிரண்டு அப்படியும் அடம்பிடிக்கும். அவற்றுக்குச் சிறிய எவர்சில்வர் ஸ்பூனை எடுத்து, முட்டையின் வளைவுக்கு ஏற்ப சவ்வுக்கு அடியில் செருகி மெல்லச் சுற்றி வாருங்கள். அதற்கும் மசியாததை உதிர்த்து, சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை போட்டுப் பொடிமாஸ் செய்துவிடலாம்.

பச்சை வளையமும் நாற்றமும்

மஞ்சள் கருவைச் சுற்றிக் கறும்பச்சை வளையம் படிவதைப் பார்த்து முட்டை கெட்டுவிட்டதோ என்று பயப்படுபவர்கள் உண்டு. அது கெட்டதன் அடையாளம் இல்லை. அதிகம் வெந்தால் வெள்ளைக்கருவிலிருந்து கந்தகம் கலந்த ஒரு வாயு உண்டாகிறது. அது மஞ்சள் கருவிலுள்ள இரும்போடு சேரும்போது அந்த நிறம் வருகிறது. சாப்பிடலாம், தீங்கில்லை. ஆனால் மஞ்சள் கரு வறண்டு மாவாகியிருக்கும். பார்க்கவும் நன்றாக இருக்காது. குக்கரைத் தானாக அடங்கும்வரை மறந்துவிடும் வீடுகளில்தான் இது அதிகம். மேலே சொன்ன ஐந்து நிமிடத்தில் திறப்பதும் உடனே குளிரவைப்பதும் இதற்காகவும்தான்.

குழம்பில் சேர்க்கும்போது

உரித்த முட்டையை முழுசாக எண்ணெயில் போடக்கூடாது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்துத் தெறிக்கும். கத்தி முனையால் நெடுக்காக மூன்று நான்கு கீறல், மஞ்சள் கருவைத் தொடாத ஆழத்தில் போடுங்கள். மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், உப்பு மூன்றையும் நல்லெண்ணெயில் சிறு தீயில் விட்டு, முட்டைகளை அதில் உருட்டி, மேல்தோல் லேசாகப் பொரிந்ததும் எடுத்து வையுங்கள். உரிக்கும்போது பிய்ந்த முட்டை இந்த இடத்தில்தான் சட்டியில் ஒட்டி, மஞ்சள் கருவை எண்ணெயில் உதிர்த்துவிடும்.

பட்டை, சோம்பு, கல்பாசி தாளித்து, சின்ன வெங்காயமும் தக்காளியும் வதக்கி, மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், தேங்காய் அரைத்த மசாலா ஊற்றிய குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகுதான் முட்டைக்கு முறை வருகிறது. ஏற்கெனவே முழுதாக வெந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் கொதித்தால் இறுகிவிடும். தீயைக் குறைத்து, கீறல் மேலே பார்க்கும்படி ஒவ்வொன்றாக இறக்கி, கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியைப் பிடித்து ஒரு முறை சுழற்றிவிடுங்கள். அணைத்து மூடி அரை மணி நேரம் விட்டால் கீறலுக்குள் மசாலா ஊறும். இடியாப்பத்துக்கு என்றால் குழம்பை இன்னும் கொஞ்சம் தளர்த்தியாக வைத்துக்கொள்ளலாம்.

மிஞ்சிய முட்டையை உரிக்காமலே குளிர்பெட்டியில் வையுங்கள், ஒரு வாரம் வரை இருக்கும். உரித்ததை மூடிய டப்பாவில் வைத்து அன்றைக்கோ மறுநாளோ தீர்த்துவிடுவது நல்லது. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்த அவித்த முட்டையைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.